ரோலர் கதவும் கிணற்று மோட்டரும்

கார்த்திகை மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு விடிகாலை. அம்மாவுக்குக் கிளினிக் நாள். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் நம்பர் எடுக்க வேண்டுமென்றால் எங்கள் ஊர் கொண்டாவிலிலிருந்து ஐந்தரைக்காவது வெளிக்கிட வேண்டும். அம்மாவைக் காருக்குள் இருத்தி, குடையைப் பின்சீற்றில் போட்டுவிட்டு ரிமோட்டை அமத்தினேன். ரிமோட்டில் சிவப்பு லைற் மினுங்கியது. கதவு அசையவில்லை. ஒரு சத்தமும் இல்லை.

இறங்கிப் போய்ச் சுவரிலிருந்த சுவிட்சை அமத்தினேன். மேலே மோட்டர் ‘ம்ம்ம்’ என்று இரைந்தது. அவ்வளவுதான். திரும்ப அமத்தினேன். இரைந்தது. இப்படி ஏழெட்டுத் தரம் அமத்தியிருப்பேன். கடைசியில் அந்த இரைச்சலும் நின்றுபோனது.

இந்த ரோலர் கதவு கனடாவிலிருக்கும் அக்காவின் ஆசை. 2018 இல் வந்தபோது பழைய இரும்புப் படலையைக் கழற்றிவிட்டு, கார் கொட்டிலை மூடிக் கட்டி இதைப் போடுவித்தார். பூட்டித் தந்தவர்கள் ரிமோட்டைக் காட்டினார்கள், சுவிட்சைக் காட்டினார்கள். கரண்ட் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று நாங்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்கூடக் கரண்ட் வெட்டினார்களே, அப்போது எப்படிச் சமாளித்தோம் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். அப்போது பெற்றோலும் இல்லை. கார் வெளியே போனால்தானே கதவைப் பற்றி யோசிக்க!

ஏணியை வைத்து ஏறிப் பார்த்தேன். மெயினை நிறுத்தாமல் ஏறியது முட்டாள்வேலை, அதையும் சொல்லிவிடுகிறேன். மோட்டருக்குப் பக்கத்தில் ஒரு சொப்பின் பை முடிச்சுப் போட்டுத் தொங்கியது. உள்ளே சுருட்டி அடைத்திருந்தது ஒரு சங்கிலி. கையால் கதவைத் தூக்கத் தந்த சங்கிலி அது. பார்க்க வடிவாக இருக்கட்டும் என்று பூட்ட வந்த பெடியன் பைக்குள் போட்டு மேலே கட்டிவிட்டுப் போயிருக்கிறான். முடிச்சை வெட்டினேன். ஆறு வருசக் கறள் என் தலையிலும் சேட்டிலும் கொட்ட, சங்கிலி கீழே விழுந்தது.

ஒரு கை நீளம் இழுத்தால் கதவு இரண்டு விரல் அளவு ஏறும். கார் போகும் உயரத்துக்கு வர இருபது நிமிடம் எடுத்தது. அம்மா காருக்குள் இருந்தபடியே தேவாரம் தொடங்கிவிட்டார். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த நம்பரை நான் சொல்லப்போவதில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது மத்தியானம் ஆகிவிட்டது. ரிமோட்டை அமத்திப் பார்த்தேன். இப்போது ரிமோட்டுக்கும் மோட்டர் இரைந்தது! காலையில் ரிமோட்டுக்குச் சத்தமே இல்லை. சுவிட்சுக்கு இரைந்து, பிறகு அதுவும் நின்றது. இப்போது இரண்டுக்கும் இரைகிறது. எனக்குத் தலை சுற்றியது. ரிமோட்டில் பற்றரி இறங்கியிருக்கும் என்று நினைத்து, ரவுனுக்குப் போய் விரல் நுனியளவு 12 வோல்ட் பற்றரி ஒன்று வாங்கிவந்து போட்டேன். தொண்ணூறுகளில், சண்டைக் காலத்தில், பற்றரி இந்தப் பக்கம் வரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்ட ஊர் இது. இப்போது ஒரு கதவுக்காகப் பற்றரி தேடி நாலு கடை ஏறி இறங்குகிறேன். போட்டும் பிரயோசனம் இல்லை. முன்போலவே இரைச்சல்.

கம்பனிக்கு எடுத்தேன். அடுத்த கிழமை யாழ்ப்பாணப் பக்கம் ஆள் வந்தால் அனுப்பலாம் என்றார்கள். அக்காவுக்கு வட்ஸ்அப்பில் சொன்னபோது, “உதில கை வைக்காத, ஸ்பிரிங் அடிச்சால் ஆள் முடிஞ்சுது” என்று பயப்படுத்தினார். அங்கத்தைய கதவு வேறு. துண்டு துண்டாக மடிந்து கூரைக்குக் கீழே படுக்கும். அதன் பாரத்தைத் தாங்குவது முறுக்கேற்றிய ஸ்பிரிங். அதைத் தெரியாதவர்கள் தொடவே கூடாது, அக்கா சொன்னது சரிதான். எங்களுடையது கடைகளுக்குப் போடுவதுபோலத் தண்டில் சுருளும் தகரக் கதவு. பக்கத்தில் மோட்டர், அதிலிருந்து ஒரு செயின். சைக்கிள் செயினின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு படுத்திருக்கும்போதுதான் அந்த ‘ம்ம்ம்’ எங்கேயோ கேட்ட சத்தமாயிற்றே என்று பட்டது. போன வருசம் எங்கள் கிணற்று மோட்டர் பழுதானபோது இதே சத்தம்தான் வந்தது. தண்ணீர் இறைக்காமல் நின்ற இடத்தில் நின்று இரைந்தது.

விடிந்ததும் அந்த மோட்டரைத் திருத்தித் தந்த வைன்டிங் கடைக்குப் போனேன். போனில் பதிவுசெய்து வைத்திருந்த சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். அண்ணை கையிலிருந்த கம்பியைக்கூட கீழே வைக்கவில்லை. “தம்பி, கரண்ட் போகுது, ஆனால் ஸ்டார்ட் எடுக்குதில்லை. வீட்டில ஃபேன் சுத்தாட்டி தடியால ஒருக்கா தட்டிவிடுவியள் தானே? அதே வருத்தம்தான்.”

வீட்டுக்கு வரும் ஒற்றைப் பேஸ் கரண்டால் மட்டும், சும்மா நிற்கிற மோட்டரைச் சுற்றத் தொடங்க வைக்க முடியாதாம். உள்ளே இரண்டாவது சுருள் ஒன்று இருக்கும். அதற்குப் போகும் கரண்டைக் கொஞ்சம் முன்பின்னாக்கிவிடுவது கப்பாசிற்றர். அது பலவீனமானால் மோட்டருக்குத் தள்ளிவிட ஆளில்லை. நின்றபடி கரண்டை இழுத்துச் சூடாகும். “எத்தனை தரம் அமத்தினனீங்கள்?” என்று கேட்டார். சொன்னேன். ஏசினார். உள்ளேயிருக்கும் வெப்பக் காவல் வெட்டியதால்தான் காலையில் இரைச்சல் நின்றதாம். ஆறியபிறகு அது தானாகச் சேர்ந்துகொண்டது. அது மட்டும் இல்லையென்றால் சுருளே எரிந்து, செலவு வேறு மாதிரிப் போயிருக்கும்.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். “கையால சங்கிலியை இழுக்கக் கதவு லேசா வந்ததோ, இறுகினதோ?” லேசாகத்தான் வந்தது. அப்படியென்றால் தகரமோ தண்டோ சிக்கவில்லை. பின்னேரத்தில் வோல்ட் விழும் இடங்களிலும் இப்படி இரைவதுண்டு என்றார். எங்கள் வீட்டில் அளந்தபோது 228 காட்டியது. மிச்சம் கப்பாசிற்றர்தான்.

பின்னேரம் அண்ணையே வந்தார். மெயினை நிறுத்தினோம். மூடியைக் கழற்றியதும் பல்லி முட்டை ஓடு இரண்டு உருண்டு விழுந்தது. கப்பாசிற்றர் ஒரு பக்கம் ஊதிப்போய், கறுப்பு உருளையின் அடியில் மெல்லிய வெடிப்போடு இருந்தது. மெயின் நிறுத்தினாலும் அதற்குள் கரண்ட் தேங்கி நிற்கும் என்று, பழைய இழை பல்பு ஒன்றின் இரண்டு வயரையும் அதன் முனைகளில் கொஞ்ச நேரம் பிடித்துக் காட்டிவிட்டுத்தான் கை வைத்தார். மேலே 20 மைக்ரோஃபராட், 450 வோல்ட் என்று எழுதியிருந்தது. மீற்றரில் 6 காட்டியது. நான் முன்யோசனையாக ஒரு கடையில் வாங்கி வைத்திருந்த ஃபேன் கப்பாசிற்றரைக் காட்டினேன். இரண்டரை மைக்ரோஃபராட். அண்ணை சிரித்துவிட்டு, தண்ணீர் மோட்டருக்கென்று வைத்திருந்ததில் அதே அளவான ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். 850 ரூபாய். சுவிட்சை அமத்தினோம். கதவு கடகடவென்று ஏறியது. அம்மா குசினியிலிருந்து கைதட்டினார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் விடியப்புறம் ரிமோட் மறுபடி வேலை செய்யவில்லை. சுவிட்சுக்கு ஏறுகிறது, ரிமோட்டுக்கு இல்லை. பத்து மணிக்கு ரோட்டில் நின்று அமத்தினால் ஏறுகிறது. இரவில் கதவோடு ஒட்டி நின்றால் மட்டும் ஏறுகிறது. இதற்கு அண்ணையைக் கூப்பிட வெட்கமாக இருந்தது. பகலுக்கும் இரவுக்கும் என்ன வித்தியாசம் என்று கொட்டிலுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தேன். லைற்!

தீபாவளிக்கு முதல் கிழமை பழைய பல்பு போய்விட்டதென்று மலிவு எல்ஈடி பல்பு ஒன்று போட்டிருந்தேன். அதன் ஹோல்டர், ரிமோட் சிக்னலை வாங்கும் பெட்டிக்கு ஒரு முழத்தில் இருக்கிறது. லைற்றை நிறுத்தினேன், ரோட்டிலிருந்தே கதவு ஏறியது. போட்டேன், செவிடு. சில மலிவு பல்புகளுக்குள் இருக்கும் சேர்க்கிட் வானொலி இரைச்சலைக் கக்கும்; அந்த இரைச்சலுக்குள் ரிமோட்டின் மெல்லிய சிக்னல் அமுங்கிவிடுகிறது. பல்பை மாற்றி, ஹோல்டரையும் எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோனேன். ஆக, முதல் நாள் காலையில் ஒரே நேரத்தில் இரண்டு பழுது. வாங்கிய பற்றரி இரண்டுக்கும் தேவைப்படவில்லை. பழசு இன்னும் நல்லாக இருக்கிறது. மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

இதைக் கேட்ட பக்கத்து வீட்டு மாமா தன் ஸ்லைடிங் கேற் மூடுகிறதில்லை என்று கூட்டிப்போனார். திறக்கிறது, மூடப்போய்த் திரும்பி ஓடுகிறது. இரண்டு தூணிலும் உள்ள சென்சர் கண்ணில் ஒன்றைச் சிலந்தி வலை மூடியிருந்தது. சாரத் தலைப்பால் துடைத்துவிட்டேன். தேத்தண்ணி தந்தார்.

சங்கிலியைத் திரும்பப் பைக்குள் போடவில்லை. கறளைத் தேய்த்து, எண்ணெய் பூசி, கைக்கெட்டும் உயரத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். போன ஞாயிறு வீடியோவில் அக்கா பார்த்துவிட்டு, “அதென்ன கடை மாதிரி, வடிவில்லை” என்றார். அம்மா போனை வாங்கித் தன் நம்பர் கதையைத் தொடங்கினார்.