அத்தையின் முறமும் அவர் மகனின் போனும்

குடியாத்தத்தில் அத்தை மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார். ஊறவைத்த இலை, கத்தரிக்கோல், தூள், நூல். இலையும் தூளும் ஏஜென்ட் தருவது. வீடு, விளக்கு, முதுகுவலி எல்லாம் அத்தையுடையது. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. சரியில்லை என்று கழித்த பீடிக்குக் காசு கிடையாது. (கழித்ததை என்ன செய்வார்கள் என்று கேட்டால் சிரிப்பார்.)

முதலாளித்துவம் என்றதும் நமக்குப் புகைபோக்கி வைத்த ஆலைதான் ஞாபகம் வரும். ஆனால் நீராவி எந்திரத்துக்கு வெகுமுன்பே, 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வியாபாரிகள் குடிசை குடிசையாகக் கம்பளியைக் கொடுத்து நூற்று, நெய்து வாங்கினார்கள். 1600இல் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியும் சோழமண்டலக் கரை நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்துத்தான் துணி எடுத்தது. ஆலை அப்புறம் வந்தது.

அத்தை மகன் வேலூரில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். வண்டி அவனுடையது, பெட்ரோலும் அவனுடையது, ஆர்டருக்கு இவ்வளவு. எதிர்காலம் எதிர்காலம் என்கிறார்களே, எனக்கென்னவோ ஏஜென்ட் போனுக்குள் போய் உட்கார்ந்துகொண்ட மாதிரிதான் தெரிகிறது. அத்தைக்காவது 1966 பீடித் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று 2025 வரை இருந்தது.

போன ஞாயிறு சோர்ந்துபோய் வந்தான். “ரேட்டிங் குறைஞ்சிடுச்சு மச்சான்.”

அத்தை முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. “கழிச்சிட்டானாடா?”