மருத்துவ இயற்பியல்: சேரும் முன் கேட்க வேண்டியவை

முக்கியமாகப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சையில் கதிர்வீச்சின் அளவைத் திட்டமிட்டு, அளந்து, சரிபார்க்கும் துறையான மருத்துவ இயற்பியலைப் படிக்க விரும்பும் பி.எஸ்சி. மாணவர்கள் பெரும்பாலும் எந்தப் பல்கலைக்கழகம் சிறந்தது என்றே என்னிடம் கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு: அந்தப் படிப்பு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வகுத்துள்ள தகுதிக்குள் வருகிறதா, படிக்கும் காலத்தில் மாணவர்களைக் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவுக்குள் எந்த அளவுக்கு வேலை செய்ய விடுகிறார்கள்?

இத்துறைக்குள் வர இரண்டு வழிகள் உண்டு. அண்ணா பல்கலைக்கழகம், பாரதியார் பல்கலைக்கழகம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் நேரடியாக மருத்துவ இயற்பியலில் எம்.எஸ்சி. படிக்கலாம், அல்லது இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்து, மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஓராண்டுப் பட்டயப் படிப்பில் சேரலாம். எவ்வழியில் வந்தாலும், கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவு ஒன்றில் 12 மாத இன்டர்ன்ஷிப்பும், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராக, அதாவது ஆர்.எஸ்.ஓ.வாக, விரும்பினால் அதற்குரிய தேர்வும் காத்திருக்கின்றன.

அந்தப் 12 மாதங்களைச் சான்றிதழுக்கான காத்திருப்பாகக் கருதுபவர்கள் பிற்பாடு நேர்காணலில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். ஓர் எடுத்துக்காட்டு: லீனாக் எனப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரத்தின் கதிர்வீச்சு அளவை நீர்த்தொட்டியில் வைத்து அளக்கும் அயனியாக்க அறை என்ற சிறு கருவி, வெளிக்காற்றுக்குத் திறந்தே இருக்கும். கடல்மட்டத்தை ஒட்டிய சென்னையைவிட ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்திலுள்ள கோவையில் காற்றழுத்தம் நான்கைந்து சதவீதம் குறைவு. அறைக்குள் காற்று குறைவதால் கருவி காட்டும் அளவும் அதே விகிதத்தில் குறையும். வெப்பநிலை, அழுத்தத் திருத்தத்தைப் போடாமல் இயந்திரம் குறைவாகத் தருகிறது என்று முடிவுசெய்து அதைக் கூட்டி வைத்தால், அன்று முதல் வரும் ஒவ்வொரு நோயாளிக்கும் அந்த நான்கைந்து சதவீதம் மிகையாகப் போய்ச்சேரும். சூத்திரம் பாடப்புத்தகத்தில் ஒரே வரிதான். ஆனால் பாரமானியைத் தானே படித்து, திருத்தத்தைத் தானே கணக்கிட்டவருக்குத்தான் அந்த வரியின் கனம் தெரியும். ஆகவே இன்டர்ன்ஷிப்புக்கு இடம் தேடும்போது மருத்துவமனையின் பெயரைவிட, அளவீட்டிலும் சிகிச்சைத் திட்டமிடலிலும் பயிற்சியாளரைச் சேர்த்துக்கொள்ளும் மூத்த இயற்பியலாளர் அங்கே இருக்கிறாரா என்பதை விசாரியுங்கள்.

ஆர்.எஸ்.ஓ. தேர்வுக்கு 2004ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளையும் அலகுகளையும் தடுப்புச்சுவர்க் கணக்குகளையும் எழுதிப் பார்த்தே படிக்க வேண்டும். சிகிச்சைக்குப் பயன்படும் கதிரியக்கப் பொருளான கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 ஆண்டுகள் என்று மனப்பாடம் செய்தால் போதாது. அதன் வீரியம் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைவதால் சிகிச்சை நேரத்தை எவ்வாறு மாற்ற வேண்டும் என்பதையும் சொல்லத் தெரிய வேண்டும். கதிர்மூலம் உறைக்குள் திரும்பாமல் சிக்கிக்கொண்டால் முதலில் செய்ய வேண்டியது என்ன என்ற கேள்விக்கும் தயாராக இருங்கள். நோயாளியை வெளியே கொண்டுவருவதுதான் முதல் வேலை.

வீட்டில் உள்ளவர்கள் கதிர்வீச்சு என்றதும் அஞ்சுவார்கள். பணியாளருக்கான வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்பதையும், உடலில் அணியும் டி.எல்.டி. என்ற அளவீட்டுப் பட்டை மூலம் அவர் பெறும் கதிர்வீச்சு தொடர்ந்து கண்காணிக்கப்படுவதையும் அவர்களிடம் சொல்லலாம்.

விண்ணப்பிக்கும் முன், அருகிலுள்ள புற்றுநோய் மருத்துவமனையில் அனுமதி பெற்று, நோயாளிகள் சென்ற பிறகு மாலையில் நடக்கும் தரச் சோதனையை ஒருமுறை உடனிருந்து பாருங்கள். ஒரே அளவீட்டைத் திரும்பத் திரும்ப எடுக்கும் அந்த வேலை உங்களுக்குச் சலிப்பூட்டினால், இயற்பியலில் வேறு துறைகள் எத்தனையோ இருக்கின்றன.