நார்மல் என்றால் செங்கோடு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அடுத்த வாரமே அந்தக் கோடை வகுப்பில் சேர்ந்துவிட்டேன். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்கென்று வடசென்னையில் ஒரு பொறியியல் கல்லூரி நடத்தியது. நாலு வாரம், இலவசம். கணக்கு, இயற்பியல், இங்கிலீஷ், கொஞ்சம் கம்ப்யூட்டர்.

முதல் நாள் அப்பாவும் கூட வந்தார். தடைக்காலம், வீட்டில்தான் இருந்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, காசிமேட்டில் எல்லாப் படகும் கரையோரம் பெயின்ட் வாசனையோடு நிற்கும். என் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர், அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பிவிட்டார். பஸ்ஸில் எனக்குக் காசில்லா டிக்கெட், அவருக்கு மட்டும் காசு. "அங்க எல்லாம் இங்கிலீஷ்லதான் பேசுவாங்களாம்மா?" என்று இரண்டு தரம் கேட்டார். எனக்கும் அதே பயம்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

போனதும் ஒரு டெஸ்ட் வைத்தார்கள். கேள்வித்தாள் முழுக்க இங்கிலீஷ். தமிழ்வழிப் பிள்ளைகளுக்கான வகுப்பு என்று சொல்லிவிட்டு முதல் தாளையே இப்படிக் கொடுத்தது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஒரு கேள்வி நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒய் சமம் எக்ஸ் ஸ்கொயர் என்ற வளைவரைக்கு எக்ஸ் 1 ஆகும் இடத்தில் டேன்ஜென்ட், நார்மல் இரண்டின் சாய்வும் கேட்டிருந்தார்கள். டேன்ஜென்ட் என்றதும் நான் முக்கோணவியல் டேன் என்று நினைத்து, கோணம் எங்கே, கோணம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். நார்மல் என்றால் சாதாரணம் என்பது தெரியும். அது என்ன சாதாரண சாய்வு? விட்டுவிட்டேன். தொடுகோடு, செங்கோடு என்று போட்டிருந்தால் அரை நிமிஷம். வகையிட்டால் 2 எக்ஸ், ஆக தொடுகோட்டின் சாய்வு 2, செங்கோட்டுக்கு மைனஸ் அரை. பொதுத்தேர்வுக்கு இந்த மாதிரி எத்தனை போட்டிருப்பேன்!

மறுநாள் என்னை 'பி' பேட்ச்சில் போட்டார்கள். அங்கே ஒரு வாரம் ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதம் நடந்தது. தெரிந்ததையே மறுபடி கேட்டுக்கொண்டு உட்கார்வது தெரியாததைக் கேட்பதைவிடக் கஷ்டம்.

காப்பாற்றியவர் ஒரு மூன்றாம் வருஷ அக்கா. வியாசர்பாடி, அவரும் தமிழ்வழிதான். மத்தியானம் சாப்பிடும்போது என் விடைத்தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "உனக்குக் கணக்கு வராம இல்ல, பேருதான் தெரில" என்றார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் நடுவே கோடு போட்டு அவரே ஆரம்பித்து வைத்தார். தொடுகோடு, டேன்ஜென்ட். செங்கோடு, நார்மல். வகைக்கெழு, டெரிவேட்டிவ். அணிக்கோவை, டிடர்மினன்ட். இயற்பியல்தான் கொஞ்சம் படுத்தியது. உந்தம் என்றால் மொமென்டம், திருப்புத்திறன் என்றால் மொமென்ட். இரண்டையும் வேகமாகச் சொன்னால் எனக்கு ஒன்றாகவே கேட்டது. 'நிலைமத் திருப்புத்திறன்' என்று வாய் நிறையச் சொன்னவளுக்கு 'மொமென்ட் ஆஃப் இனர்ஷியா' சப்பென்று இருந்தது, அது வேறு விஷயம். நாலு வாரத்தில் கடைசிப் பக்கம் பதினோரு பக்கமானது.

இங்கிலீஷ் வகுப்பில் ஆளுக்கு இரண்டு நிமிஷம் பேச வைத்தார்கள். தன்னம்பிக்கைப் பேச்சு என்று இரண்டு மதியம் போனது, அதில் தூங்கியதுதான் மிச்சம்.

இன்னொரு உபயோகம், பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்ய அங்கேயே உட்கார்ந்து உதவினார்கள். கட் ஆஃப் 200-க்கு எப்படி வருகிறது என்பதே (கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50) எங்களில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டிவிடும். அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த சான்று வேண்டும். நான் இரண்டு பள்ளிக்கூடத்தில் படித்தவள். மே மாதம், பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிற நேரம். அப்பாதான் இரண்டு இடத்துக்கும் நடந்து, கையெழுத்து வாங்கி, முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்திலும் வரிசையில் நின்றார். தடைக்காலம் இல்லையென்றால் யார் அலைந்திருப்பார்கள்? சரி, இனி போகிறவர்கள் பள்ளி லீவு விடுவதற்கு முன்பே அந்தச் சான்றை வாங்கிவிடுங்கள்.

ஜூன் 13-ஆம் தேதி கடைசி டெஸ்ட். மறுபடி இங்கிலீஷ் தாள்தான், மறுபடி ஒரு நார்மல் கேள்வி. போட்டுவிட்டேன். மறுநாள் காலையிலேயே அப்பா படகில் ஐஸ் ஏற்றப் போய்விட்டார்.

இந்த வருஷம் பிளஸ் டூ போகும் பக்கத்து வீட்டுப் பையன் அந்த நோட்டைக் கேட்டான். ஜெராக்ஸ்தான் கொடுத்தேன். முதல் செமஸ்டருக்கு எனக்கே வேண்டும்.