பழைய எக்ஸ்பியைப் புதுக் கணினிக்குள் குடியேற்றுவது எப்படி?

விண்டோஸ் எக்ஸ்பியும், பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரும் ஓடும் ஒரு கணினி பல அச்சகங்களின் மூலையில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8இல் நிறுத்திவிட்டது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். இருந்தும் அந்தக் கணினியைக் கைவிட முடிவதில்லை. காரணம், பல வருடக் கோப்புகள் எல்லாம் பாமினி, டாம், டாப் என்று யூனிகோடுக்கு முந்தைய 8 பிட் எழுத்துருக்களில் அடித்தவை. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. போன வருட அழைப்பிதழில் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று ஒருவர் வந்து நின்றால், அந்தப் பழைய அமைப்பு அப்படியே வேண்டியிருக்கிறது.

புதுக் கணினி வாங்கியதும் பலர் செய்யும் முதல் காரியம், எக்ஸ்பி சிடியைப் போட்டு அதிலேயே நிறுவப் பார்ப்பது. அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். எக்ஸ்பியில் என்விஎம்இ வகைப் புது எஸ்எஸ்டிக்கும் யூஎஸ்பி 3க்கும் டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) கிடையாது. சாதாரண சாட்டா வட்டைக்கூட ஏஎச்சிஐ என்ற இன்றைய இணைப்பு முறையில் அதற்கு அடையாளம் தெரியாது. 32 பிட் எக்ஸ்பி யூஇஎஃப்ஐ என்ற புதுத் தொடக்க முறை வழியாகத் தொடங்காது. அதற்கு வேண்டிய பழைய பயாஸ் முறை இன்றைய மதர்போர்டுகள் பலவற்றில் இல்லவே இல்லை. பேஜ்மேக்கரை மட்டும் விண்டோஸ் 11இல் நிறுவிப் பார்ப்பது இன்னொரு வழி. விண்டோஸ் 11 64 பிட் மட்டுமே என்பதால் 16 பிட் நிரல் எதுவும் அதில் ஓடாது. நிரல் 32 பிட்டாக இருந்தாலும் அதன் செட்டப் கோப்பு 16 பிட்டாக இருந்தால் நிறுவும்போதே நின்றுவிடும்.

ஆகவே, பழைய ஹார்ட்டிஸ்க்கை முழுசாகப் படியெடுத்து, புதுக் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் (கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கும் மென்பொருள்) ஓடவிடுவதே சரியான வழி என்பது என் முடிவு. நிரல், எழுத்துரு, விசைப்பலகை, அமைப்புகள் எல்லாம் இருந்தது இருந்தபடி வந்து சேரும்.

பழைய கணினி இன்னும் ஓடுகிறது என்றால், வட்டைக் கழற்றுமுன் அதிலேயே மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். முதலாவது, கேபினெட்டில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வன்பொருள் முழுக்க மாறிவிட்டதால் எக்ஸ்பி மறுபடி ஆக்டிவேஷன் கேட்கும். சில நாள் அவகாசம் முடிந்ததும் உள்ளே விடாது. கணினியோடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது, தனியாக வாங்கிய சில்லறை லைசென்ஸைத்தான் வேறு கணினிக்கு மாற்றலாம். ஸ்டிக்கரில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வேலைதான் முக்கியம். புது இடத்தில் எக்ஸ்பி தொடங்காமல் நீலத்திரையில் 7பி என்று முடியும் எண்ணைக் காட்டி நிற்பது இந்த மாற்றத்தில் அடிக்கடி வரும் கோளாறு. வட்டுக் கண்ட்ரோலருக்கான டிரைவர் பொருந்தவில்லை என்பதுதான் அதன் பொருள். பழைய மதர்போர்டு வயா, சிஸ், என்விடியா சிப்செட்டில் ஓடியிருந்தால் இது வருவதற்கு வாய்ப்பு அதிகம். விர்ச்சுவல்பாக்ஸ் காட்டுவது இன்டெலின் பிஐஐஎக்ஸ்4 ஐடிஇ கண்ட்ரோலர். அதற்கு ஏடாபி, இன்டெல்ஐடிஇ, பிசிஐஐடிஇ, பிசிஐஐடிஇஎக்ஸ் ஆகிய நான்கு டிரைவர் கோப்புகளும் சிஸ்டம்32க்குள் உள்ள டிரைவர்ஸ் ஃபோல்டரில் இருக்க வேண்டும். விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் ஏடாபி, இன்டெல்ஐடிஇ, பிசிஐஐடிஇ மூன்றின் ஸ்டார்ட் மதிப்பும் 0 ஆக இருக்க வேண்டும். மெர்ஜ்ஐடிஇ என்ற சிறிய கருவியை ஒருமுறை ஓட்டினால் இவை எல்லாவற்றையும் அதுவே செய்துவிடும்.

மூன்றாவது, அதே ரெஜிஸ்ட்ரியில் இன்டெல்பிபிஎம், ஏஜிபி440 ஆகிய இரண்டின் ஸ்டார்ட் மதிப்பை 4 ஆக்கி முடக்குங்கள். முதலாவது செயலியின் மின்சக்தியைக் கையாளும் டிரைவர், மற்றது பழைய ஏஜிபி கிராஃபிக்ஸ் ஸ்லாட்டுக்கானது. இரண்டுக்கும் மெய்நிகர் கணினியில் வேலை இல்லை. விட்டுவைத்தால் முதலாவது நீலத்திரைக்கும், மற்றது தொடங்கும்போதே திரை உறைந்து நிற்பதற்கும் காரணமாகலாம்.

இப்போது வட்டைக் கழற்றலாம். ஐடிஇ, சாட்டா இரண்டையும் யூஎஸ்பியாக மாற்றும் அடாப்டர் வாங்கும்போது தனி பவர் சப்ளை உள்ளதாகப் பாருங்கள், 3.5 அங்குல வட்டுக்கு 12 வோல்ட் வேண்டும், யூஎஸ்பி தருவது 5 வோல்ட்தான். ஐடிஇ வட்டின் ஜம்பரை மாஸ்டர் நிலையில் வையுங்கள். வட்டை நேராக விண்டோஸ் கணினியில் செருகாதீர்கள். விண்டோஸ் அதைத் திறந்து சிறு சிறு கோப்புகளை எழுதும், வட்டைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் ஓட்டவா என்று கேட்கும். நொந்துபோன வட்டுக்கு அதுவே முடிவாகிவிடலாம். லினக்ஸ் பென்டிரைவில் கணினியைத் தொடங்கி, வட்டை மவுன்ட் செய்யாமல் (கோப்புகளைத் திறக்க இணைக்காமல்) டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவியால் படியெடுங்கள். முதல் சுற்றில் கெட்ட பகுதிகளைத் துருவாமல் தாண்டிப் போகச் சொல்லுங்கள். நல்ல பகுதி எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, இரண்டாம் சுற்றில் மூன்று முறை முயலச் சொல்லலாம். எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பைக் கட்டாயம் கொடுங்கள். மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். 80 ஜிபி வட்டு, நொடிக்கு 30 எம்பி வேகத்தில், சுமார் முக்கால் மணி நேரம் பிடிக்கும். இரண்டு வட்டுகள் இருந்தால் இரண்டையும் எடுங்கள். பேஜ்மேக்கர் படங்களை முழுப் பாதையோடு நினைவில் வைத்திருப்பதால் டி டிரைவ் எழுத்து மாறிவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

கிடைத்த படிமத்தை (வட்டின் முழு நகலை) விர்ச்சுவல்பாக்ஸோடு வரும் விபாக்ஸ்மேனேஜ் கட்டளையின் கன்வர்ட்ஃப்ரம்ரா வழியாக அதன் வட்டு வடிவமான விடிஐ கோப்பாக்குங்கள். மூலப் படிமத்தைத் தனி வட்டில் பத்திரப்படுத்துங்கள், அதில் எதையும் எழுதக் கூடாது.

புது மெய்நிகர் கணினியில் 1 ஜிபி ராம் தாராளம். ஒரே ஒரு செயலி கொடுங்கள். ஐஓ ஏபிக் தேர்வை இயக்கியே வையுங்கள்: பழைய எக்ஸ்பி மல்டிபிராசசர் ஹால் (வன்பொருளோடு பேசும் அடித்தள அடுக்கு) கொண்டதாக இருந்தால் அது இல்லாமல் தொடங்காது, மற்ற வகைகளுக்கு அதனால் கெடுதலும் இல்லை. கிராஃபிக்ஸுக்கு விபாக்ஸ்விஜிஏ, 3டி வேகமூட்டல் வேண்டாம். வட்டைச் சாட்டாவில் இல்லாமல் ஐடிஇ கண்ட்ரோலரில் மாட்டுங்கள். நெட்வொர்க் இணைப்பை முதல் நாளிலிருந்தே துண்டித்துவிடுங்கள். 2014க்குப் பிறகு பொதுப் பாதுகாப்புத் திருத்தம் அரிதாகவே வந்த ஓர் அமைப்பை இணையத்தில் விடுவது, கதவைத் திறந்துபோட்டு ஊருக்குப் போவதற்குச் சமம்.

தொடங்கும்போது கறுப்புத் திரையில் டிஸ்க் ரீட் எரர் என்று மட்டும் வந்தால் வட்டு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். சில மடிக்கணினிகளின் பயாஸ் வட்டுக்கு 240 ஹெட் (படிக்கும் முனை) என்று கணக்கு வைத்திருக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் 255 என்று எடுத்துக்கொள்ளும். என்டிஎஃப்எஸ் பகுதியின் பூட் செக்டரில், பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 26ஆம் இடத்தில் உள்ள பைட் அந்த எண்ணைச் சொல்கிறது. படிமத்தின் நகலில் பைட்டுகளை நேராகத் திருத்தும் ஹெக்ஸ் எடிட்டரால் அதை 255 ஆக்கினால் தொடங்கிவிடும்.

7பி நீலத்திரை விடாமல் வந்தால் கடைசி மருந்து எக்ஸ்பி சிடி. முதல் திரையில் ஆர் அழுத்தாதீர்கள், அது ரெகவரி கன்சோலுக்குப் போய்விடும். என்டர் தட்டி, எஃப்8இல் ஒப்புதல் தந்த பிறகு வரும் திரையில் ஆர் அழுத்தினால்தான் ரிப்பேர் நிறுவல் நடக்கும். நிரல்களும் கோப்புகளும் அப்படியே இருக்க, வன்பொருள் அமைப்பு மட்டும் புதிதாகும்.

எக்ஸ்பி நன்றாகத் தொடங்கியும் மிக மெதுவாக ஓடினால் சன்னலின் கீழ் ஓரத்தில் பச்சை ஆமைச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், விண்டோஸ் 11இன் சொந்த மெய்நிகர் அமைப்பான ஹைப்பர்வி குறுக்கே நிற்கிறது. மெமரி இன்டெக்ரிட்டி அமைப்பை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும். அது பாதுகாப்பு அமைப்பு என்பதால் யோசித்துச் செய்யுங்கள்.

கணினியில் செருகினால்தான் மென்பொருளைத் திறக்கவிடும் டாங்கிள் பூட்டுதான் உண்மையான தலைவலி. தமிழ் எழுத்துரு மென்பொருள்கள் சில டாங்கிள் இல்லாமல் திறக்காது. யூஎஸ்பி டாங்கிள் என்றால் விர்ச்சுவல்பாக்ஸில் யூஎஸ்பி 2 கண்ட்ரோலரைத் தேர்ந்து, அந்த டாங்கிளுக்கு ஒரு ஃபில்டர் போட்டால் போதும். பதிப்பு 7.0 முதல் இது அடிப்படை நிறுவலிலேயே வருகிறது. வணிகப் பயன்பாட்டுக்குத் தனி உரிமம் கேட்கும் எக்ஸ்டென்ஷன் பேக் தேவையில்லை. பழைய பிரின்டர் (பேரலல்) போர்ட்டில் மாட்டும் டாங்கிள் என்றால் கதை வேறு. யூஎஸ்பியைப் பேரலல் ஆக்கும் கேபிள் பிரின்டருக்கு மட்டுமே உதவும், அது உண்மையான போர்ட் அல்ல. பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டின் போர்ட் வேறு முகவரியில் அமரும். பழைய டாங்கிள் டிரைவரோ 378, 278 போன்ற வழக்கமான முகவரிகளில்தான் தேடும். விற்ற நிறுவனத்திடம் யூஎஸ்பி டாங்கிளாக மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த ஒரு மென்பொருளுக்காகப் பேரலல் போர்ட் உள்ள பழைய போர்டு ஒன்றை உதிரியாக வாங்கி வைப்பதுதான் வழி.

அச்சுக்கு, புது லேசர் பிரின்டருக்கு எக்ஸ்பி டிரைவர் தேடி அலைய வேண்டாம். பேஜ்மேக்கரிலிருந்து டிஸ்டில்லர் பிபிடியை (பிரின்டர் விவரக் கோப்பை) தேர்ந்து போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பாக எழுதி, அதை அடோபியின் டிஸ்டில்லரில் பிடிஎஃப் ஆக்குங்கள். எல்லா எழுத்துருக்களையும் உட்பொதிக்கும் தேர்வைக் கட்டாயம் போடுங்கள். இல்லையென்றால் தமிழ் இருந்த இடத்தில் கூரியரில் ஆங்கிலக் குறிகளாக நிற்கும். அது பிளேட் போட்ட பிறகுதான் கண்ணில் படும். விர்ச்சுவல்பாக்ஸின் துணை நிரலான கெஸ்ட் அடிஷன்ஸை எக்ஸ்பிக்குள் நிறுவினால் கிடைக்கும் பொது ஃபோல்டரில் பிடிஎஃப்பைப் போட்டு, விண்டோஸ் 11இலிருந்து அச்சிடுங்கள். பேஜ்மேக்கர் கோப்பை மட்டும் பொது ஃபோல்டரில் வைத்தே திறக்காமல் சி அல்லது டி டிரைவுக்கு நகலெடுத்துத் திறங்கள்.

ஒரு வாரம் வேலை பார்த்து எல்லாம் சரி என்று தெரிந்ததும், எக்ஸ்பியை முறையாக ஷட் டவுன் செய்துவிட்டு மெய்நிகர் கணினியின் முழு ஃபோல்டரையும் வெளி வட்டு ஒன்றுக்கு நகலெடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் எடுக்கும் ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. அது அதே வட்டில்தான் கிடக்கும். பழைய ஹார்ட்டிஸ்க்கை உடனே பழைய இரும்புக்குப் போடாமல் ஆன்டிஸ்டாட்டிக் பையில் சுற்றி, தேதி எழுதி அலமாரியில் வைத்துவிடுங்கள்.