முப்பதில் ஒரு நொடி

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எல்லை தாண்டிக் கோவை செட்டிப்பாளையத்தின் கார் பந்தயத் தளமான கரி மோட்டார் ஸ்பீட்வேக்குச் செல்லும்போதெல்லாம் ஷட்டர் வேகத்தை, அதாவது கேமராவுக்குள் ஒளி விழும் நேரத்தை, 1/1000 நொடியில் வைத்தே படமெடுத்து வந்தேன். கார் கூர்மையாக விழும், ஆனால் சாலையோரம் நிறுத்தி வைத்ததைப் போலத் தோன்றும். இம்முறை 1/30-க்கு இறக்கினேன். மணிக்கு 120 கிலோமீட்டரில் பாயும் கார் அந்த நேரத்துக்குள் ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும் என்பதால், காலை ஊன்றி, இடுப்பிலிருந்து உடலைத் திருப்பி, கேமராவைக் காரோடு கூடவே கொண்டுசெல்ல வேண்டும். பொத்தானை அழுத்திய பிறகும் கை நிற்கக் கூடாது. பெரும்பாலான படங்கள் வீணாயின. ஒன்றில் மட்டும் ஓட்டுநரின் தலைக்கவசம் தெளிந்து நிற்க, சக்கரம் வெள்ளி வட்டமாகக் கரைந்து, பின்னாலிருந்த டயர் அடுக்குகள் சிவப்பு வெள்ளைக் கோடுகளாக நீண்டிருந்தன. பிரெஞ்சுக் கலைஞர் லார்ட்டீக் 1910-களில் எடுத்த பந்தயப் படத்தில் சக்கரம் முட்டை வடிவில் முன்சாய்ந்திருக்கும். ஷட்டரின் திரை மெல்ல நகர்ந்ததால் நேர்ந்த அந்தக் கோணலை என்னால் பிழையென்று சொல்ல முடியவில்லை. அடுத்த பந்தயத்தில் 1/15-ஐ முயலப் போகிறேன்.