அம்மா யாழ்ப்பாணத்தில், செயலி என் கையில்

கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஒரு கரைச்சலும் இல்லை. ஏ9 வீதியில் காலையில் பஸ்ஸுக்கு என்ன பஞ்சம்? வில்லங்கம் அதற்குப் பிறகுதான். அம்மாவுக்குக் கிளினிக் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில். யாழ் பஸ் நிலையத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் இன்னும் ஏறக்குறைய 15 கிலோமீற்றர் போகவேண்டும். முழங்கால் நோவோடு அவர் இன்னொரு பஸ் ஏறவேண்டாம் என்று, வேலையிடத்தில் இருந்தபடியே செயலியில் ஓட்டோ பதிந்தேன்.

ஓட்டோ உடனே கிடைத்தது. சாரதி அழைத்தது என்னைத்தான். “அண்ணை, எங்கே நிற்கிறீர்கள்?”

“நான் கிளிநொச்சியில். ஏறப்போவது அம்மா.”

பயணம் இரத்து! அடுத்தவர் வந்தார், ஆனால் நின்றது நிலையத்தின் மறுபக்கத்தில். அம்மாவிடம் இருப்பது பொத்தான் தொலைபேசி. பஸ் இரைச்சலில் அதன் மணி அவருக்குக் கேட்கவில்லை. பார்த்துப் பார்த்து அந்தச் சாரதியும் போய்விட்டார். என் கணக்கில் இரத்துக் கட்டணம் ஏறியது. பதிகிறவனும் பயணியும் ஒரே ஆள் என்று யார் முடிவுகட்டினார்களோ, அவர்கள் வீட்டில் வயதானவர்களே இல்லையா?

கடைசியில் காப்பாற்றியது பஸ் நிலையத்து நேரக்கணிப்பாளர். அம்மா அவருடைய மேசைக்குப் போய், அவருடைய தொலைபேசியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். மீண்டும் பதிந்து வண்டி இலக்கத்தைச் சொன்னேன். அந்த நல்ல மனிதர் கையோடு கூட்டிப்போய் ஏற்றிவிட்டார்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு: சில செயலிகளில் வேறொருவருக்காகப் பதியும் வசதி இருக்கிறது. அதில் பெற்றோரின் இலக்கத்தைக் கொடுங்கள். வரைபடம் காட்டும் இடத்தை நம்பாமல், அவர்களுக்குத் தெரிந்த ஒரு கடை வாசலைக் குறியுங்கள். வண்டியின் கடைசி நான்கு இலக்கங்களைச் சொல்லி, கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதவையுங்கள். காசா அட்டையா என்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு முறை கொடுத்துவிட்டு வருவார்கள். திரும்பும் பயணத்தை முன்கூட்டியே பதியவேண்டாம். மருந்து வரிசை எப்போது நகரும் என்று யாருக்குத் தெரியும்?

திடீர் மயக்கம், நெஞ்சுநோ என்றால் செயலியைத் தேடிக்கொண்டிருக்காமல் 1990ஐ அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். கிளினிக்குக்குப் போக மட்டும் அதைக் கூப்பிடாதீர்கள்.

அம்மா என்னைவிடக் கெட்டிக்காரி. ஏற்றிப்போன சாரதியின் இலக்கத்தை வாங்கிவைத்திருந்து, மருந்து எடுத்ததும் தானே அழைத்து, அதே ஓட்டோவில் பஸ் நிலையம் வந்து சேர்ந்தார். கிளிநொச்சியில் இறங்கியபோது செயலியில் ஒரு வண்டியும் இல்லை. சந்தியில் நிற்கும் ஓட்டோக்கார அண்ணையைத்தான் கூப்பிட்டேன். அவருக்கு எங்கள் வீட்டுப் படலை வரைக்கும் தெரியும்.

இரத்துக் கட்டணத்தைப் பற்றி முறைப்பாடு அனுப்பினேன். பயணம் எப்படி இருந்தது, நட்சத்திரம் போடுங்கள் என்று பதில் வந்திருக்கிறது.