நில், பார், கேள், நட

செப்டம்பர் மாத நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு என் மகளின் கையை விட்டேன். அவளுக்கு நாலரை வயது. பாலத்தைத் தாண்டினால் ஒரு பேக்கரி, பேக்கரி மூலையில் ஒரு திருப்பம், அதன்பின் சாலையைக் கடக்க ஒரு மஞ்சள் கோட்டுக் கடவை, அதற்கப்பால் மழலையர் பள்ளி. எல்லாம் சேர்ந்து நானூறு மீட்டருக்கு மேல் இருக்காது. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கழுத்தில் மாட்டியிருந்த ஒளிரும் முக்கோணப் பட்டை சிறுத்துக்கொண்டே போய், பேக்கரி மூலையில் மறைந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். கீழே சீல் ஆறு கூழாங்கற்களின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பத்து நிமிடங்களில் நான் வேண்டாத தெய்வம் இல்லை.

நாங்கள் இருப்பது சுவிட்சர்லாந்தில், அட்லிஸ்வில் என்ற ஊர். சூரிச் நகரத்தின் பெரிய ரயில் நிலையத்தில் எஸ்-4 ரயிலைப் பிடித்தால் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஒரு பக்கம் மலைமுகடு. அதன்மேல் ஃபெல்செனெக் என்ற இடத்துக்கு ஊரிலிருந்தே கம்பிவழித் தொட்டிலில் ஏறிவிடலாம். அது 1954 முதல் ஓடுகிறது. மேலே நின்றால் சூரிச் ஏரியும், தெளிந்த நாட்களில் ஆல்ப்ஸ் மலைத்தொடரும் தெரியும். இந்த ஊரில் முருகன் கோயிலும் உண்டு. கணவரின் வேலை நிமித்தம் வந்தபோது வீட்டுக்குப் பக்கத்தில் கோயில் இருக்கிறது என்று தெரிந்ததும் பாதிப் பாரம் இறங்கிவிட்டது. மீதிப் பாரத்தை இறக்க ஒரு வருடம் பிடித்தது. அதற்குக் காரணம் அந்த நானூறு மீட்டர்.

இங்கே ஜூலை 31-க்குள் நான்கு வயது நிறைந்த குழந்தைகள் ஆகஸ்டில் மழலையர் பள்ளிக்குப் போக வேண்டும். சூரிச் மாநிலத்தில் அது கட்டாயக் கல்வியின் முதல் இரண்டு ஆண்டுகள். பள்ளி திறப்பதற்கு முன் நடந்த பெற்றோர் கூட்டத்தில், பாட்டு, கத்தரிக்கோல், வகுப்பறைக்குள் போடும் துணிச்செருப்பு என்று ஆசிரியை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியாக, "முதல் சில வாரங்கள் கூட வாருங்கள். பிறகு குழந்தையைத் தனியாக வர விடுங்கள். காரில் கொண்டுவந்து இறக்காதீர்கள்" என்றார். பள்ளி வாசலில் காரில் இறக்கும் பெற்றோருக்கு இங்கே 'பெற்றோர் டாக்ஸி' என்று ஒரு பெயரே இருக்கிறது. அது பாராட்டுப் பெயர் அல்ல. கார்கள் கூடும் வாசல்தான் நடந்து வரும் குழந்தைகளுக்கு ஆபத்து என்பது அவர்கள் வாதம். பள்ளிக்குப் போகும் வழிக்கும் 'ஷூல்வேக்' என்று ஒரே சொல்லாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அந்த வழி குழந்தையின் வயதுக்குத் தக்கதாக இருக்க வேண்டும் என்பது வெறும் எதிர்பார்ப்பு அல்ல. சுவிஸ் அரசமைப்புச் சட்டம் தரும் கல்வி உரிமையிலிருந்தே நீதிமன்றங்கள் அதை வருவித்திருக்கின்றன. வழி மிக நீளமாகவோ ஆபத்தாகவோ இருந்தால் மாற்று ஏற்பாடு செய்வது உள்ளாட்சியின் பொறுப்பு.

சட்டம் இருக்கட்டும். என் மனம் ஒப்பவில்லை. சென்னையில் நாங்கள் இருந்தபோது, அடுக்குமாடி வாசலில் வேன் வந்து நிற்கும், ஆயா இறங்கி வருவார், குழந்தையின் கையை அவர் கையில் கொடுத்த பிறகுதான் என் கை விடுபடும். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு. நடுவில் ஒரு நொடியும் வெறுமையாக இருக்கக் கூடாது. பிள்ளை வளர்ப்பு என்றால் அதுதான் என்று உறுதியாக நம்பியிருந்தேன்.

அன்றிரவு அம்மாவிடம் தொலைபேசியில் புலம்பினேன். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் காட்டுக் கிராமம் எங்களுடையது. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏம்மா, நீ ஒன்றாம் வகுப்பிலேயே கண்மாய்க்கரை வழியாகத் தனியாகத்தானே போனாய்? உன்னைப் பிடித்துக்கொண்டு வர எனக்கு ஏது நேரம்?" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. உண்மைதான். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரோடு, கரையில் உடைமுள் குத்தாமல் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து, ஒரு கிலோமீட்டர் நடந்திருக்கிறேன். டீக்கடைக்காரர், கிணற்றடியில் துவைக்கும் பெண்கள், ஆட்டுக் கிடைக்குப் போகும் தாத்தா என்று வழியெல்லாம் எங்களைத் தெரிந்த கண்கள் இருந்தன. நாங்கள் கண்மாய்க்குள் இறங்கினால், வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே செய்தி அம்மாவிடம் போயிருக்கும். இதை எப்படி மறந்தேன் என்று அந்த இரவு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது வாரத்தில் சீருடையோடு ஒரு போக்குவரத்துக் காவலர் மழலையர் பள்ளிக்கு வந்தார். குழந்தைகளை வரிசையாகச் சாலைக்கே அழைத்துப் போய் நாலு சொற்களைக் கற்றுக்கொடுத்தார்: வார்த்தெ, லுவெகெ, லோசெ, லவ்ஃபெ. மகள் வீட்டுக்கு வந்து கூடத்துக் கம்பளத்தைச் சாலையாக்கி, அதன் விளிம்பில் நின்று நாள் முழுவதும் இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் படித்த ஜெர்மன் பாடப் புத்தகத்தில் 'லுவெகெ'யும் இல்லை, 'லோசெ'யும் இல்லை. பார்ப்பதற்கும் கேட்பதற்கும் அதில் வேறு சொற்கள். மகளிடமே பொருள் கேட்டேன். அவள் நின்று காட்டினாள், தலையை இருபுறமும் திருப்பிக் காட்டினாள், காதில் கை வைத்துக் காட்டினாள், பிறகு நடந்து காட்டினாள். நில், பார், கேள், நட. தமிழில் அது இன்னும் அழகாக அமைந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு மொழியிலும் அது ஒலிக்கிறது.

இந்த மொழி விஷயத்தைத் தமிழர்களுக்கு விளக்குவது எளிது. சூரிச்காரர்கள் எழுதுவது ஜெர்மன், வீட்டிலும் கடையிலும் பேசுவது சுவிஸ் ஜெர்மன். நம் எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் போலத்தான், இடைவெளி இன்னும் கொஞ்சம் அகலம். ஜெர்மனியிலிருந்து வேலைக்கு வந்தவர்களே தொடக்கத்தில் திணறுகிறார்கள். மழலையர் பள்ளியில் எந்த ஜெர்மனில் பேசுவது என்பதையும் இங்கே மக்கள்தான் வாக்களித்து முடிவு செய்தார்கள். 2011 மே மாதம் சூரிச் மாநிலத்தில் நடந்த வாக்கெடுப்பில் பேச்சுமொழி வென்றது. ஏட்டுமொழி முதல் வகுப்பில் வரும், அதுவரை பிள்ளைகள் வாய்மொழியில் வளரட்டும் என்ற அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் அதன் விளைவாக நான் ஏட்டுமொழியும் என் மகள் தெருமொழியும் படித்தோம். பேக்கரிப் பெண்மணி பேசுவதை அவள்தான் எனக்கு மொழிபெயர்த்தாள்.

முதல் வாரங்களில் எனக்குத் துணையாக இருந்தவர் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும் அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். 1983-க்குப் பிறகு போரினால் இந்த நாட்டுக்கு வந்த பல்லாயிரம் ஈழத் தமிழர்களில் ஒருவர். உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். மூன்று பேரும் இதே பாலத்தைக் கடந்துதான் போயிருக்கிறார்கள். "பிள்ளை, முதல் நாள் நானும் அழுதேன். ஊரில் குண்டுக்குப் பயந்து பிள்ளையைக் கையை விட்டு இறக்காமல் வந்தவள் நான். இங்கே வந்து, விடு என்று சொன்னால் எப்படி விடுவது?" என்றார். என் பயம் அவர் பயத்துக்கு முன்னால் எவ்வளவு சிறியது என்று அப்போது விளங்கியது. ஆனாலும் அவர் அதைச் சிறியதாக்கவில்லை. மறுநாள் காலை எனக்கு முன்பாகவே பாலத்தடியில் வந்து நின்றார். செப்டம்பரில் அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் பக்கத்தில் அவர் இருந்தார். நாங்கள் ஒன்றும் கதைக்கவில்லை. 'பேசவில்லை' என்று எழுத வந்த கை, அவர் சொல்லையே எழுதுகிறது.

அக்டோபரில் ஒரு நாள் மகள் வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை. இங்கே பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பன்னிரண்டு மணிக்கு எங்கள் படிக்கட்டில் அவள் காலடி கேட்கும். அன்று பன்னிரண்டே கால் ஆயிற்று, பன்னிரண்டு இருபது ஆயிற்று. அடுப்பை அணைத்துவிட்டு, வீட்டுச்செருப்போடு ஓடினேன். பேக்கரி வாசலைத் தாண்டும்போதே உள்ளிருந்து அந்தப் பெண்மணி கையை நீட்டித் திசை காட்டினார். கடவைக்கு அந்தப் பக்கம் புல்தரையில் நாலு முக்கோணப் பட்டைகள் வட்டமாகக் குனிந்திருந்தன. நடைபாதையின் நடுவில் ஒரு நத்தை. யாராவது மிதித்துவிடக் கூடாது என்று, அது புல்லுக்குள் போய்ச் சேரும் வரை நாலு பேரும் காவல் இருந்திருக்கிறார்கள். மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அம்மா, இன்னும் கொஞ்சம்தான்" என்றாள். திட்டுவதற்காக வந்த சொல் தொண்டையிலேயே நின்றது. நானும் அந்த வட்டத்தில் குத்தவைத்தேன். நத்தை தன் வேகத்தில் போய்ச் சேர்ந்தது.

திரும்பும்போது பேக்கரிப் பெண்மணியிடம் நன்றி சொன்னேன். அவர் சொன்னதை மகள் மொழிபெயர்த்தாள்: "தினமும் எங்களை எண்ணுகிறாராம் அம்மா." எங்கள் ஊர் டீக்கடைக்காரர் எனக்கு நினைவுக்கு வந்தார். அன்றிரவுதான் பல வாரங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

சாப்பாட்டுப் பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலை ஒன்பது மணிக்குத் தின்பதற்கு 'ஸ்நூனி' என்று பெயர், ஒன்பது என்ற எண்ணிலிருந்து வந்த சொல். மாலை நாலு மணிக்குத் தின்பது 'ஸ்ஃபியேரி', அது நாலிலிருந்து. சாக்லேட்டுக்குப் பேர் போன நாட்டில் மழலையர் பள்ளி ஸ்நூனிப் பையில் சாக்லேட்டுக்கு இடமில்லை. பழம், கேரட், ரொட்டி. எங்கள் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது, அதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு. ஒரு முறை ஒரு துண்டு வைத்தனுப்பினேன், இனிப்பு வேண்டாம் என்ற சீட்டோடு முழுசாகத் திரும்பி வந்தது. இப்போது அதை ஸ்ஃபியேரிக்கு வீட்டில் கொடுக்கிறேன். அவளுடைய தோழிகள் அதற்காகவே எங்கள் வீட்டுப் படியேறுகிறார்கள்.

நவம்பரில் இருட்டு சீக்கிரம் வந்துவிடும். பள்ளத்தாக்கில் மூடுபனி நாள்கணக்கில் கலையாது. அந்தக் காலத்தில்தான் குழந்தைகள் முள்ளங்கி இனத்து உருண்டைக் கிழங்கைக் குடைந்து விளக்குச் செய்து, இருண்ட தெருக்களில் பாடிக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். 'ரேபெலியெக்ட்லி' என்பார்கள். ஒரு மாலை பெற்றோர்கள் எல்லோரும் மழலையர் பள்ளியின் குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்து, கரண்டியால் உள்சதையைச் சுரண்டினோம். தோலை மட்டும் சீவி நட்சத்திரம், நிலா, பெயர் எழுத்து எல்லாம் செதுக்க வேண்டும். ஊதாத் தோல் போன இடத்தில் வெள்ளைச் சதை வழியாக வெளிச்சம் கசியும். மகளின் பெயரின் முதல் எழுத்தைத் தமிழில் செதுக்கினேன். அது என்ன கோலம் என்று பக்கத்தில் இருந்த தந்தை கேட்டார், எழுதிக் காட்டினேன். சுரண்டிய சதையைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை, ஒரு டப்பாவில் அள்ளி வந்தேன். அக்கா அதில் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பூவும் சேர்த்து அருமையாக ஒரு வறை செய்தார்.

மே மாதம் அம்மா வந்தார். முதல் விமானப் பயணம், முதல் குளிர். மூன்றாம் நாள் காலை, "நான் கொண்டுபோய் விடுகிறேன்" என்று பேத்தியோடு கிளம்பினார். பாலம் வரை நானும் போனேன், பிறகு கொஞ்சம் பின்தங்கி நடந்தேன்.

கடவைக்கு முன்னால் மகள் பாட்டியின் புடவையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். "நில், பாட்டி." ஒரு கார் வந்துகொண்டிருந்தது. ஊரில் அம்மா நாற்கரச் சாலையை எப்படிக் கடப்பார் என்று எனக்குத் தெரியும். முந்தானையை இழுத்துச் செருகி, ஒரு கையை உயர்த்தி, வண்டிகளுக்கு நடுவே ஓடுவார். இங்கேயும் கை உயர்ந்தது. ஆனால் கார் நின்றுவிட்டது. அம்மா நகரவில்லை. அறுபத்தெட்டு வருடத்தில் அவருக்காக ஒரு வண்டியும் நின்றதில்லை. அது போகட்டும் என்று காத்திருந்தார். கார் இவர்களுக்காகக் காத்திருந்தது.

"சக்கரம் நின்றுவிட்டது, பாட்டி. இப்போது நடக்கலாம்" என்றாள் மகள்.

அம்மா பேத்தியின் கையைப் பற்றிக்கொண்டு மஞ்சள் கோடுகளின் மேல் காலை வைத்தார். சாலையின் நடுவில் ஒரு கணம் நின்று, காரைப் பார்த்துத் திரும்பி, இரு கைகளையும் கூப்பினார். கூப்பிய கைகளுக்குள் மகளின் ஒரு கையும் இருந்தது. உள்ளே இருந்த இளைஞர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து, தானும் கூப்பினார்.